ஒரு பார்ட்டியின் விவரம் யாருடைய பொறுப்பு?

கரூரில் 1926-இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி, 2020 நவம்பர் 27 அன்று டி.பி.எஸ். வங்கியின் இந்திய நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. நூல், பெட்ஷீட், கொசுவலை, பஸ் பாடி என்று அந்த வட்டாரத்தில் தொழில் செய்த பலருக்கு அப்பா காலத்திலிருந்தே கணக்கு இருந்த வங்கி அது. இணைப்பு முடிந்து ஓராண்டுக்கும் மேல் ஆன பிறகு, 2022 பிப்ரவரி இறுதியோடு அதன் பழைய ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடுகள் நின்றுபோயின. எல்.ஏ.வி.பி. என்று தொடங்கிய குறியீட்டின் இடத்தில் டி.பி.எஸ்.எஸ். என்று தொடங்கும் புதியது வந்தது.

மாறியது ஒரே ஒரு விவரம். அதை எத்தனை இடத்தில் மாற்ற வேண்டியிருந்தது என்று பாருங்கள். தறி வைத்திருக்கும் ஒருவர் 60 பேருக்குச் சரக்கு போடுகிறார் என்றால் 60 கடிதம், 60 கேன்சல் செக், 60 போன். வாங்குகிறவர் பக்கமும் அதே கதைதான். அந்த வங்கியில் கணக்கு உள்ள ஒவ்வொரு பார்ட்டியையும் லெட்ஜரில் தேடி, கடிதம் உண்மைதானா என்று பார்த்து, மாற்றி, இன்னொருவரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். 2020 ஏப்ரல் 1 அன்று சிண்டிகேட் வங்கி கனராவோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் இணைந்தன. அவற்றின் குறியீடுகள் மாறியபோதும் இதே வேலைதான் நாடு முழுக்க நடந்தது. ஒரே உண்மையை லட்சக்கணக்கான குமாஸ்தாக்கள் தனித்தனியே விசாரித்து, தனித்தனியே தட்டச்சு செய்தார்கள். அவர்களில் சிலர் தவறாகவும் செய்தார்கள்.

கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் எல்லோரையும் நம் ஊரில் பொதுவாகப் பார்ட்டி என்கிறோம். பெரிய கம்பெனிகளில் வெண்டர் மாஸ்டர், கஸ்டமர் மாஸ்டர் என்பார்கள். பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: பெயர், முகவரி, வரி எண், வங்கிக் கணக்கு, தொடர்புக்கு ஒரு ஆள், அப்புறம் அந்தப் பார்ட்டி சட்டப்படி ஒழுங்காக இருக்கிறதா என்பதற்கான சில குறிப்புகள். இந்த விவரங்களைத் தனித்தனியாகக் காப்பாற்றுவது வீண் வேலை, பல நேரம் ஆபத்தான வேலையும்கூட என்று கணக்கு வேலையில் இருந்த காலத்திலிருந்தே நினைத்து வந்திருக்கிறேன். இவை கூட்டாகப் பராமரிக்க வேண்டியவை. அப்படிச் செய்யும் முயற்சிகள் உலகில் சில இடங்களில் நடக்கின்றன. நம் ஜி.எஸ்.டி.யும் பெயர் சொல்லாமல் அதே வேலையின் ஒரு பகுதியைச் செய்துகொண்டிருக்கிறது.

எண் என்ன சொல்கிறது, என்ன சொல்வதில்லை

முதலில் ஜி.எஸ்.டி. எண்ணையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 15 இடங்கள். முதல் இரண்டு மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32, கர்நாடகத்துக்கு 29. அடுத்த பத்தும் அந்தப் பார்ட்டியின் பான் எண். பதின்மூன்றாவது, அதே பான் எண்ணில் அந்த மாநிலத்தில் எடுத்த பதிவுகளில் இது எத்தனையாவது என்பதைச் சொல்லும். பதினான்காவது வழக்கமாக இசட். கடைசி இடம் சரிபார்ப்புக் குறி. முன்னால் உள்ள 14 இடங்களிலிருந்து கணக்குப் போட்டு வருவது அது. தட்டச்சில் ஓர் எழுத்து தவறினால் கடைசிக் குறி பொருந்தாது, கணினி உடனே சொல்லிவிடும்.

பான் எண்ணின் நான்காவது எழுத்தும் ஒரு செய்தி வைத்திருக்கிறது. பி என்றால் தனிநபர், சி என்றால் கம்பெனி, எஃப் என்றால் கூட்டு நிறுவனம், எச் என்றால் இந்துக் கூட்டுக் குடும்பம், டி என்றால் அறக்கட்டளை. ஒருவர் ‘பிரைவேட் லிமிடெட்’ என்று பில் புத்தகம் அடித்திருக்க, அவருடைய ஜி.எஸ்.டி. எண்ணுக்குள் இருக்கும் பான் எண்ணில் நான்காவது எழுத்து பி என்று இருந்தால் அங்கேயே நின்று கேள்வி கேட்க வேண்டும். இதற்கு மென்பொருள் எதுவும் வேண்டாம். பழகிய கண் போதும்.

ஆனால் சரிபார்ப்புக் குறி பொருந்துவதால் எண் சரியான வடிவத்தில் இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். அது இந்தப் பார்ட்டியின் எண்தானா, இன்று உயிரோடு இருக்கிறதா என்பதற்கு ஜி.எஸ்.டி. தளத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும். சட்டப்படியான பெயர், வணிகப் பெயர், பதிவு நடப்பில் உள்ளதா ரத்தாகிவிட்டதா, எந்தெந்த மாதத்துக்கு ரிட்டர்ன் போட்டிருக்கிறார் என்பதெல்லாம் அங்கே யாரும் பார்க்கும்படி இருக்கிறது. ரத்து பின்தேதியிட்டும் நடக்கலாம். இன்று வாங்கும்போது உயிரோடு இருந்த பதிவு, ஆறு மாதம் கழித்து ‘இந்தத் தேதியிலிருந்தே ரத்து’ என்று வரக்கூடும். அதனால்தான் அனுபவமுள்ள ஆடிட்டர்கள் வாங்கும் நாளன்றே அந்தத் திரையைப் படமெடுத்து பில்லோடு சேர்த்து வைக்கச் சொல்கிறார்கள்.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்குத் தனிச் சிக்கல் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பான் விண்ணப்பமோ இனிஷியலை ஏற்காது, விரித்து எழுதச் சொல்லும். ஆக கடைப் பலகையில் எஸ்.முருகன், வங்கிக் கணக்கில் முருகன் எஸ், பான் அட்டையில் முருகன் சுப்பிரமணியம், ஜி.எஸ்.டி. வணிகப் பெயரில் ஸ்ரீ வேலன் டெக்ஸ். நான்கும் ஒரே ஆள். ஒரு கம்பெனியின் கணினி இவரை மூன்று பார்ட்டியாகப் பதிந்து வைத்திருந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போனது அங்கேதான். முருகன் நல்லவர், போன் செய்து திருப்பிக் கொடுத்துவிட்டார்.

முகவரி இன்னும் மோசம். 2019-இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு என்று ஐந்து புதிய மாவட்டங்கள் வந்தன. 2020-இல் மயிலாடுதுறை வந்தது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு தொழிற்கூடம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் அதன் மாவட்டம் வேலூரிலிருந்து திருப்பத்தூர் ஆகிவிட்டது. அப்புறம் திருப்பத்தூர் என்றால் எது? 635601 பின்கோடு உள்ள புதிய மாவட்டத் தலைநகரா, 630211 உள்ள சிவகங்கை மாவட்டத்து ஊரா? ஆங்கிலத்தில் எழுதும்போது திருப்பூரோடும் குழப்பிக்கொள்வார்கள். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டு, விமர்சனம் எழுந்ததும் சில நாட்களில் திரும்பப் பெற்றது. தூத்துக்குடி, கோயம்புத்தூர் என்று நாம் ஒரே மாதிரி சொல்லும் ஊர்கள் ஆங்கிலக் கோப்புகளில் நான்கைந்து விதமாக இருப்பது இன்றும் மாறவில்லை. இரண்டு கம்பெனிகளின் பட்டியலை ஒப்பிட்டுப் பார்க்கும்போது முதலில் பொருந்தாமல் போவது இந்த வரிதான்.

அடுத்தவர் தவறுக்கு நம் பணம்

விவரம் கொஞ்சம் பிசகாக இருந்தால் என்ன, சரக்கு வந்தால் போதும் என்று இருந்த காலம் ஒன்று உண்டு. ஜி.எஸ்.டி. வந்ததும் அது முடிந்தது.

10 லட்சம் ரூபாய்க்கு 18 சதவீத வரியோடு சரக்கு வாங்குகிறீர்கள். வரி 1,80,000. அதை விற்றவரிடம் கொடுத்துவிட்டீர்கள். நீங்கள் கட்ட வேண்டிய வரியில் இந்த 1,80,000-ஐக் கழித்துக்கொள்ளலாம். இதைத்தான் இன்புட் கிரெடிட் என்கிறோம். ஆனால் மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 16-ஆவது பிரிவு ஒரு நிபந்தனை வைக்கிறது: விற்றவர் அந்த வரியை உண்மையிலேயே அரசுக்குக் கட்டியிருக்க வேண்டும். நீங்கள் கொடுத்த பணத்தை அவர் கட்டவில்லை என்றால் கிரெடிட் போகும்.

தொடக்கத்தில் இந்த நிபந்தனை ஏட்டளவில்தான் இருந்தது. 2019 அக்டோபரில் பிடி இறுகத் தொடங்கியது. விற்றவர் தன் ரிட்டர்னில் காட்டாத பில்களுக்கு, காட்டியதில் 20 சதவீதம் வரைதான் கூடுதலாக எடுக்கலாம் என்றார்கள். 2020 ஜனவரியில் அது 10 ஆனது, 2021 ஜனவரியில் 5 ஆனது. 2022 ஜனவரி 1 முதல் எதுவுமில்லை. விற்றவர் ஏற்றிய பில்கள் ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி ‘டூ-பி’ என்ற பட்டியலாக வாங்கியவருக்கு வரும். அதில் இருந்தால்தான் கிரெடிட்.

அதனால் என்ன நடக்கிறது என்றால், மாதம் பிறந்து 14 முதல் 20 வரை நாட்டின் கணக்கு அறைகள் எல்லாம் ஒரே வேலையில் மூழ்குகின்றன. டூ-பி பட்டியலை எடு, நம் பர்ச்சேஸ் கணக்கோடு பொருத்து, இல்லாத பில்களைக் குறி, பார்ட்டிக்குப் போன் போடு. ‘அண்ணே, நம்ம 214-ஆம் நம்பர் பில் வரலைங்க.’ ‘ஏத்தியாச்சே தம்பி, நம்பர் என்ன போட்டிருக்கு பாருங்க.’ பார்த்தால், ஜி.எஸ்.டி. எண்ணில் நம் கோவைக் கிளைக்குப் பதிலாக பெங்களூர்க் கிளையின் எண்ணைப் போட்டிருப்பார். 33-க்குப் பதில் 29. பான் ஒன்றே, ஆனால் கிரெடிட் வேறு மாநிலப் பதிவுக்குப் போய்விட்டது. அவர் அடுத்த மாதம் திருத்த வேண்டும். அதுவரை நம் பணம் 1,80,000 நிற்கும்.

இங்கே இன்னொரு விவரமும் வேலை செய்கிறது. ஆண்டுக்கு 5 கோடி வரை விற்றுமுதல் உள்ளவர்கள் 2021 ஜனவரியிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடலாம். இடைப்பட்ட இரண்டு மாதங்களில் அவர்கள் விரும்பினால் 13-ஆம் தேதிக்குள் பில்களை மட்டும் ஏற்றலாம். ஏற்றாவிட்டால் வாங்கியவருக்குக் கிரெடிட் காலாண்டு முடிந்த பிறகுதான். ஆக, பார்ட்டியின் விவரத்தில் ‘இவர் மாதாந்திரமா, காலாண்டா’ என்றும் ஒரு கட்டம் வேண்டும். பத்து வருடத்துக்கு முன் இப்படி ஒரு கட்டம் தேவைப்படும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

2022 டிசம்பரில் 37ஏ விதி வந்தது. பில்லை ஏற்றிவிட்டு, வரி கட்டும் ரிட்டர்னைப் போடாமல் விட்டவர்களுக்கானது. ஒரு நிதியாண்டில் வாங்கிய சரக்குக்கு, விற்றவர் அடுத்த செப்டம்பர் 30-க்குள் அந்த ரிட்டர்னைப் போடவில்லை என்றால், வாங்கியவர் நவம்பர் 30-க்குள் கிரெடிட்டைத் திருப்பிக் கட்ட வேண்டும். விற்றவர் பிறகு போட்டால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவர் எப்போது போடுவார் என்று நாம்தான் கண்காணிக்க வேண்டும்.

இது நியாயமா என்ற கேள்வி நீதிமன்றம் வரை போனது. ரப்பர் ஷீட் வாங்கிய வியாபாரிகள் சிலர், வரியோடு பணத்தை வங்கி வழியாகக் கொடுத்திருந்தும் விற்றவர்கள் கட்டவில்லை என்பதற்காகக் கிரெடிட்டை இழந்தார்கள். 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த உத்தரவுகளை ரத்து செய்தது. விற்றவர்களை விசாரிக்காமல், அவர்களிடம் வசூலிக்க எதுவும் செய்யாமல், வாங்கியவரை மட்டும் பிடிப்பது சரியில்லை என்று சொல்லி மறுவிசாரணைக்கு அனுப்பியது. இன்னொரு பக்கம், 2024-இல் கேரள உயர் நீதிமன்றம் அந்த நிபந்தனை அரசியலமைப்புப்படி செல்லும் என்று தீர்ப்பளித்தது. என் மனம் ரப்பர் வியாபாரிகள் பக்கம்தான். வரித்துறைக்கு அதிகாரம் இருக்கிறது, ஆள் இருக்கிறது, வங்கிக் கணக்கை முடக்க முடிகிறது. வாங்கியவரிடம் ஒரு போன் நம்பர் மட்டும்தான் இருக்கிறது.

ஆனாலும் இந்த நெருக்கடி ஒரு நல்ல பழக்கத்தை உண்டாக்கியதை மறுக்க முடியாது. விற்பவரும் வாங்குபவரும் ஒரே பில்லை ஒரே இடத்தில் பார்த்து ஒத்துக்கொள்ளும் வழக்கம் வந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய இன்வாய்ஸ் மேலாண்மை வசதியில், ஒவ்வொரு பில்லையும் வாங்கியவர் ஏற்கலாம், மறுக்கலாம், நிறுத்தி வைக்கலாம். எதுவும் செய்யாவிட்டால் ஏற்றதாக எடுத்துக்கொள்ளப்படும். அதற்கு முன்பே, 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களோடு தொடங்கிய, பில்லை அரசின் கணினியில் பதிந்து வாங்கும் இ-இன்வாய்ஸ் முறை, 2023 ஆகஸ்டில் 5 கோடியைத் தாண்டியவர்கள் வரை வந்துவிட்டது. வடிவம் தவறிய எண்ணோடு பில் போட முயன்றால் அரசின் கணினி பில்லையே பதிந்து தராது. மாத முடிவில் கண்டுபிடித்த தவறு பில் போடும் நொடியிலேயே தெரிந்துவிடுகிறது. விவரத் தரத்துக்கு இதைவிடப் பெரிய முன்னேற்றம் நம் நாட்டில் நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

சிறியவர் என்று எழுதி வைப்பது

பார்ட்டி விவரம் என்றாலே வாங்குபவரின் பாதுகாப்புதான் என்று நினைக்க வேண்டாம். விற்கிற சிறு தொழில்காரரின் வயிறும் அதில் இருக்கிறது.

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, குறு அல்லது சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரியும் சேர்ந்துகொண்டது. கெடுவுக்குள் கொடுக்காத தொகையை வாங்கியவர் அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது, கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம்.

இது நடக்க ஒரு முன்தேவை இருக்கிறது. அந்தப் பார்ட்டி குறுவா சிறுவா என்று வாங்குபவரின் கணக்கில் எழுதியிருக்க வேண்டும். இத்தகைய நிறுவனங்களுக்காக 2020 ஜூலை 1 முதல் நடக்கும் அரசுப் பதிவான உத்யம் எண்தான் அதற்குச் சான்று. எண்ணைக் கேட்டு வாங்கிப் பதியாவிட்டால் கணினிக்கு அந்தத் தறிக்காரரும் பெரிய மில்லும் ஒன்றுதான், இருவருக்கும் 90 நாள் கழித்துத்தான் பணம். போதாததற்கு வகைப்பாடும் மாறிக்கொண்டிருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல் குறு நிறுவனத்தின் விற்றுமுதல் வரம்பு 5 கோடியிலிருந்து 10 கோடியாகவும், சிறு நிறுவனத்தின் வரம்பு 50 கோடியிலிருந்து 100 கோடியாகவும் உயர்ந்தது. நேற்று நடுத்தரமாக இருந்த பலர் இன்று சிறு நிறுவனம். வெறும் வியாபாரம் செய்பவர்கள் உத்யம் பதிவு செய்யலாம், ஆனால் அது வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும்தான், 45 நாள் பாதுகாப்பு அவர்களுக்கு வராது. ஆகவே எண் மட்டும் போதாது. அவர் உற்பத்தியாளரா, சேவை தருபவரா, வியாபாரியா என்பதும் தெரிய வேண்டும்.

ஒரு சிறு டையிங் பட்டறைக்காரர் தன் உத்யம் சான்றிதழை எட்டு கம்பெனிகளுக்கு அனுப்பிவிட்டு, எட்டிலும் அது பதிவானதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். தன்னைப் பற்றி அடுத்தவர் கணினியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க அவருக்கு வழி இல்லை. இந்த விஷயத்தில் எனக்கு அதிகம் உறுத்துவது இதுதான்.

சேர்ந்து காப்பவர்கள்

சரி, கூட்டாகப் பராமரிப்பது என்றால் நடைமுறையில் எப்படி?

சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் பல்கலைக்கழகத்தில் 2006-இல் நிறுவனங்களின் தரவுத் தரம் பற்றிய ஓர் ஆய்வுக் கூட்டமைப்பு தொடங்கியது. அதிலிருந்து வளர்ந்த சி.டி.க்யூ. என்ற நிறுவனம், பெரிய கம்பெனிகளைச் சேர்த்து பார்ட்டி விவரங்களைப் பகிரும் ஒரு குழுவை நடத்துகிறது. நெஸ்லே, பேயர் போன்றவை அதில் உண்டு. இவர்கள் ஆயிரக்கணக்கான பொதுவான பார்ட்டிகளோடு வியாபாரம் செய்கிறவர்கள். ஒரு கம்பெனி ஒரு பார்ட்டியின் முகவரி மாறியதை விசாரித்துத் திருத்தினால், அந்தத் திருத்தம் அதே பார்ட்டியை வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் போய்ச் சேரும். ஏற்பதும் விடுவதும் அவரவர் முடிவு. எந்த நாட்டில் எந்த எண் எப்படி இருக்க வேண்டும், எந்தச் சட்டப் பெயர் செல்லும் என்ற விதிகளையும் சேர்ந்தே எழுதி வைக்கிறார்கள். அரசுப் பதிவேடுகளோடும் ஒப்பிடுகிறார்கள். ஐரோப்பாவில் வாட் (மதிப்புக் கூட்டு வரி) எண்ணைச் சரிபார்க்க ஐரோப்பிய ஒன்றியமே பொதுத் தளம் வைத்திருப்பது இதற்கு உதவுகிறது.

போட்டிக் கம்பெனிகள் ஒரே மேசையில் உட்கார்ந்தால் சட்டச் சிக்கல் வராதா என்று கேட்கலாம். வரும். அதனால்தான் பகிரப்படுவது ‘இந்தப் பார்ட்டி யார்’ என்பது மட்டும். என்ன விலை, எவ்வளவு சரக்கு, யார் யாரிடம் வாங்குகிறார்கள் என்பவை பகிரப்படுவதில்லை. இந்தக் கோட்டைத் தாண்டினால் முயற்சியே நின்றுவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி மோசடிக் கணக்குகளைப் பகிர்வது. ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் பணம் போடவும்’ என்று பார்ட்டியின் பெயரில் மெயில் வரும். முகவரியில் ஓர் எழுத்து மட்டும் வேறாக இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு நூல் வியாபாரி இப்படி ஒரு மெயிலை நம்பி, வழக்கமாக வாங்கும் மில்லுக்குப் போக வேண்டிய பணத்தை எவனோ ஒருவனுக்கு அனுப்பினார். ஒரு கம்பெனியில் பிடிபட்ட கணக்கு எண் அன்றே மற்றவர்களுக்கும் தெரிந்தால் அதே திருடன் அடுத்த வாசலில் ஏமாற்ற முடியாது. தனித்தனியாக இருக்கும் வரை ஒவ்வொருவரும் முதல்முறையாகத்தான் ஏமாறுகிறார்கள். இந்தியாவில் ரிசர்வ் வங்கி, ஆர்.டி.ஜி.எஸ்., என்.இ.எஃப்.டி. வழியாகப் பணம் அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தரும்படி வங்கிகளுக்குச் சொன்னது. ஐரோப்பாவிலும் 2025 அக்டோபரிலிருந்து இது வந்துவிட்டது. அந்த நூல் வியாபாரிக்கு இது சில வருடம் முன்பே கிடைத்திருக்க வேண்டும்.

ஜெர்மனியின் வாகனத் துறை இன்னொரு வழியில் போகிறது. 2021-இல் பி.எம்.டபிள்யூ., மெர்சிடஸ், போஷ், எஸ்.ஏ.பி. முதலானவை சேர்ந்து தொடங்கிய கடேனா-எக்ஸ் என்ற தரவுப் பகிர்வு அமைப்பில் ஒவ்வொரு பங்காளிக்கும் பொது எண் ஒன்று தருகிறார்கள். சட்டப்படியான நிறுவனத்துக்கு ஒன்று, தொழிற்சாலை இருக்கும் இடத்துக்கு ஒன்று, முகவரிக்கு ஒன்று என்று மூன்று வகை. இந்தப் பிரிப்பு எவ்வளவு அவசியம் என்பது ஒரே கம்பெனிக்கு ஒரு ஊரில் அலுவலகம், இன்னொரு ஊரில் பவுண்டரி, மூன்றாவது ஊரில் குடோன் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பில் போகும் இடம் ஒன்று, லாரி போகும் இடம் இன்னொன்று.

உலக அளவில் 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு வந்தது எல்.இ.ஐ. என்ற, ஒரு நிறுவனத்தை அடையாளம் காட்டும், எழுத்தும் இலக்கமும் சேர்ந்த 20 இட எண். அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் விழுந்தபோது யார் யாருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள் என்று கட்டுப்பாட்டாளர்களால் உடனே சொல்ல முடியவில்லை. ஒரே நிறுவனம் ஒவ்வொரு வங்கியிலும் வேறு வேறு பெயரில் இருந்தது. 2014-இல் இதற்கென்று ஓர் அறக்கட்டளை உருவானது. இந்தியாவில் 2021 ஏப்ரல் முதல் 50 கோடி ரூபாயும் அதற்கு மேலுமான வங்கிப் பரிமாற்றங்களுக்கு நிறுவனங்கள் இந்த எண்ணைத் தர வேண்டும். இதில் எனக்குப் பிடித்தது, எண்ணுக்கு உரியவரே ஆண்டுதோறும் விவரத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்பது. புதுப்பிக்காவிட்டால் காலாவதி என்று எல்லோருக்கும் தெரியும்.

திருப்பூருக்கு வந்த பாடம்

2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன்பின் நடந்த ஒன்றை என்னால் மறக்க முடியவில்லை. அங்கே தைக்கப்பட்ட துணி எந்தெந்தப் பிராண்டுக்குப் போனது என்று அறிய, தொழிலாளர் அமைப்புகள் இடிபாடுகளுக்குள் லேபிள்களைத் தேட வேண்டியிருந்தது. தங்கள் துணி எங்கே தைக்கப்படுகிறது என்று தங்களுக்கே முழுதாகத் தெரியாத கம்பெனிகள் இருந்தன. பார்ட்டி விவரம் சரியாக இல்லை என்பது அங்கே உயிரிழந்தவர் குடும்பத்துக்கு இழப்பீடு கேட்க யாரைத் தேடிப் போவது என்பதே தெரியாத நிலை.

2019-இல் ஆடைத் தொழிற்சாலைகளுக்கென்று ஒரு திறந்த பதிவேடு தொடங்கப்பட்டது. இப்போது ஓபன் சப்ளை ஹப் என்று அழைக்கப்படுகிறது. பிராண்டுகளும் தொழிற்சாலைகளும் தொண்டு அமைப்புகளும் தங்களிடம் உள்ள பெயர், முகவரிப் பட்டியல்களை அதில் சேர்க்கிறார்கள். அது ஒப்பிட்டுப் பார்த்து ஒரே ஆலை என்று தெரிந்தால் ஒரே எண்ணின் கீழ் கொண்டுவருகிறது. திருப்பூர் ஆலைகளையும் அதில் பார்க்கலாம். வரைபடத்தில் ஒரு புள்ளியைத் தொட்டால் எந்தெந்தப் பட்டியலிலிருந்து அந்த விவரம் வந்தது என்றும் தெரியும். விவரத்தோடு அது வந்த வழியும் எழுதப்பட்டிருப்பதுதான் இதன் பலம்.

ஆடிட் விஷயத்திலும் இதே போக்கு. ஒரு பனியன் கம்பெனி ஐந்து பையர்களுக்குத் தைத்தால் ஐந்து பேரும் தனித்தனியே ஆள் அனுப்புவார்கள். அதே சம்பளப் பதிவேடு, அதே தீயணைப்புக் கருவி, அதே கழிவறைக் கணக்கு. 2004-இல் பிரிட்டனில் தொடங்கிய செடெக்ஸ் என்ற அமைப்பு, ஒரு ஆடிட் அறிக்கையைப் பல பையர்கள் பார்க்க வழி செய்தது. 2015-இல் தொடங்கிய இன்னொரு முயற்சியில் ஒரு படி மேலே போனார்கள். சரிபார்க்கப்பட்ட விவரம் தொழிற்சாலைக்கே சொந்தம், யாருக்குக் காட்டுவது என்று தொழிற்சாலைதான் முடிவு செய்யும். ஆனாலும் சில பையர்கள் பொது அறிக்கையை வாங்கிக்கொண்டு, அதற்கு மேல் தங்கள் படிவத்தையும் நீட்டுகிறார்கள். அப்போது கூட்டு முயற்சி சிறியவருக்கு ஆறாவது ஆடிட்டாக மாறிவிடுகிறது. இதைக் கண்டிக்க வேண்டும். பகிர்ந்த விவரத்தை நம்ப மாட்டேன் என்றால் பகிரச் சொல்லக் கூடாது.

கடினமான இடங்கள்

கூட்டாகக் காப்பதில் சிக்கல் இல்லை என்று சொல்ல மாட்டேன். நம் நாட்டில் பெரும்பாலான பார்ட்டிகள் தனிநபர்கள். அவருடைய பான்தான் கடையின் பான், அவருடைய கைபேசிதான் கடையின் போன், வீட்டு முகவரிதான் குடோன் முகவரி. கம்பெனி விவரம் என்று நினைத்துப் பகிர்வது ஒரு மனிதரின் சொந்த விவரம். 2023-இல் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி, ஒப்புதல் பெற்று, அதற்கு மட்டும் பயன்படுத்த வேண்டும் என்பதே அதன் அடிப்படை. ஐரோப்பியக் குழுக்களின் முறையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் ஒத்துவராது என்று நான் நினைப்பது இதனால்தான்.

தவறுக்கு யார் பொறுப்பு என்பது அடுத்தது. குழுவிலிருந்து வந்த வங்கிக் கணக்கு எண் தவறாக இருந்து பணம் போய்விட்டால், தந்தவரா, நடத்தும் அமைப்பா, நம்பி எடுத்தவரா? பெரும்பாலும் எடுத்தவர்தான் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுகிறார்கள். அதனால்தான் வங்கி விவரத்தில் மட்டும் எத்தனை பேர் சரி என்றாலும் பழைய நம்பருக்கு ஒரு போன் போட்டுக் கேட்கும் வழக்கத்தை விடக் கூடாது. மெயிலில் வந்த நம்பருக்கு இல்லை, முன்பே நம்மிடம் இருந்த நம்பருக்கு.

நமக்குப் பொருந்தும் வழி வேறொன்று நம்மிடமே இருக்கிறது. 2021 முதல் இயங்கும் அக்கவுண்ட் அக்ரிகேட்டர் முறையில் ஒருவர் தன் வங்கி விவரத்தை, ஒப்புதல் கொடுத்து, குறிப்பிட்ட காலத்துக்கு, கடன் தருபவருக்குக் காட்டலாம். வேண்டாம் என்றால் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். 2022-இல் ஜி.எஸ்.டி. விவரத்தையும் இந்த முறைக்குள் கொண்டுவர ரிசர்வ் வங்கி அனுமதித்தது. கடனுக்காகக் கட்டிய இந்தப் பாதையில் பார்ட்டி விவரமும் போக முடியும். தறிக்காரர் தன் பான், ஜி.எஸ்.டி., உத்யம், வங்கிக் கணக்கு நான்கையும் ஒரே இடத்தில் வைத்து, தான் சரக்கு போடும் 60 பேருக்கும் பார்க்க அனுமதி கொடுக்கிறார். மாற்றினால் 60 பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிகிறது. யார் பார்த்தார்கள் என்று அவருக்கும் தெரிகிறது.

அது வரும்வரை சின்ன அளவில் செய்யக்கூடியதைச் சிலர் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு சாயப்பட்டறைப் பெண்மணி ஒவ்வொரு ஏப்ரலிலும் தன் விவரங்களை ஒரே பக்கத்தில் அச்சடித்து, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு எல்லா பையர்களுக்கும் அனுப்புகிறார். கீழே ஒரு வரி: ‘உங்கள் கணக்கில் எங்களைப் பற்றி இப்படித்தான் இருக்கிறதா என்று பார்த்து பதில் அனுப்பவும்.’ முதல் வருடம் மூன்று பேர் பதில் போட்டார்கள். போன ஏப்ரலில் பதினொன்று. அதில் இரண்டு பேர் அவருடைய பழைய சிண்டிகேட் வங்கிக் குறியீட்டைத்தான் இன்னும் வைத்திருந்தார்கள்.